மறு: கிளைடர் போட்டிகளில் வாடகைக்குத் தரும் கருவி – தமிழில் என்ன?

ஐயா, வணக்கம். இன்ஜின் விசையின்றி மிதக்கும் கிளைடர் விமானங்கள் ஒன்றோடொன்று மோதும் அபாயத்தை எச்சரிக்கும் 'ஃப்ளார்ம்' என்ற கருவிக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோமே, அதற்கு நீங்கள் எழுதியது:

> 'மோதல் தவிர்ப்புக் கருவி' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாக. நம் நாளிதழ்களில் 'மோதல்' என்றால் கைகலப்பும்தான். 'மோதல் தவிர்ப்புக் கருவிகள் வாடகைக்கு' என்று படிப்பவர், திருவிழாப் பந்தோபஸ்துக்குக் காவல்துறை எதையோ வரவழைக்கிறது என்றுதான் நினைப்பார்.

அதைவிடப் பெரிய குறை 'தவிர்ப்பு'. 2004-இல் சுவிட்சர்லாந்தில் உருவான ஃப்ளார்ம் எதையும் தவிர்ப்பதில்லை. தான் இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். மூலம் அறிந்து, அடுத்த சில நொடிகளில் எங்கே இருக்கும் என்று கணித்து, இரண்டையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பறக்கும் ஃப்ளார்ம் சொல்வதைக் கேட்கும். பாதைகள் குறுக்கிடும்போல் இருந்தால் கூவும், விளக்குக் காட்டும். கழுத்தைத் திருப்பிப் பார்த்து விலகுவது விமானியின் பாடு.

'மோதல் உணரி'யும் ஒத்துவராது. உணரி என்றால் சென்சர் என்று பழகிவிட்டோம். இதுவோ ரேடாரைப்போல வானத்தைத் துழாவுவதில்லை. எதிரே வரும் கிளைடரில் இப்படி ரேடியோவில் சொல்லும் கருவி இல்லையென்றால், இதன் கணக்கில் அங்கே யாரும் இல்லை. வாடகைப் பேச்சு எழுந்ததே அதனால்தான். மேலெழும் ஒரே வெப்பக்காற்றில் பல கிளைடர்கள் பருந்துகளாக வட்டமிடும்போது, கருவியில்லாமல் ஒருவர் நுழைந்தால் மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கிய கருவிகளும் அவரளவில் ஊமைதான். ஐரோப்பாவில் பெரும்பாலும் சொந்தமாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அது பல ஆண்டுகள் கழித்தே பரவியது. அதனால்தான் போட்டி நாட்களுக்கு மட்டும் கையடக்கக் கருவியை வாடகைக்குத் தரும் ஏற்பாடு அங்கே வந்தது.

என் பரிந்துரை: மோதுணர்த்தி. உணர்வதன்று, உணர்த்துவது. 'மோது' என்ற வினையடியில் கைகலப்பு வாடையும் குறைவு. 'வாடகை'யை மட்டும் தொட வேண்டாம். பந்தலும் பாத்திரமும் அந்தச் சொல்லில்தான் வந்து போகின்றன.

---

தம்பி,

'தவிர்ப்பு' போகட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மோதுணர்த்தி என்றால் மோதிய பிறகு உணர்த்துவது என்றல்லவா என் காதில் விழுகிறது? காரில் காற்றுப்பையை விரிய வைக்கிறதே, அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். அந்தச் சொல்லை அங்கே வைத்துக்கொள்வோம்.

'விலகுணர்த்தி' என்று யோசித்தேன். நானே கைவிட்டுவிட்டேன். பயணிகள் விமானத்தில் இருக்கும் அமைப்பு 'ஏறு', 'இறங்கு' என்று கட்டளை இடும். ஃப்ளார்ம் எந்தப் பக்கம் விலகு என்று சொல்வதில்லை, ஆள் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றுதான் காட்டுகிறது.

அப்படியானால் 'அணுக்கங்காட்டி'? அணுக்கம் என்றால் அருகில் இருப்பது. திசைகாட்டி, நாள்காட்டி வரிசையில் வாய்க்கு எளிதாக வருகிறது. அணுக்கம் என்பதை அணுவோடு குழப்பிக்கொள்வார்களோ என்பதுதான் ஒரே பயம். நீங்கள் சொல்லுங்கள்.