தண்ணிக் கிண்ணத்துல ஸ்பாஞ்ச் போடச் சொன்ன அறிவாளி யாரு?

சத்துவாச்சாரி_எட்டுக்கால்:
நேத்து நம்ம குரூப்புல ஒரு புண்ணியவான் குரல் பதிவு போட்டிருக்காரு. டரான்டுலா, அதாவது உடம்பு பூரா முடி இருக்கிற பெரிய சிலந்தி, வளர்த்தா தண்ணிக் கிண்ணத்துல ஈர ஸ்பாஞ்ச் போட்டே ஆகணுமாம், இல்லன்னா மூழ்கிச் செத்துடுமாம். கேட்டதுலேர்ந்து சோறு இறங்கல. அந்த முடிக்குள்ள காத்து நிக்கும், தண்ணில விழுந்தா மிதக்கும். ஆழமில்லாத கிண்ணம், சுத்தமான தண்ணி, முடிஞ்சது. ஸ்பாஞ்ச்ல வளர்றது கிருமி.

காட்பாடி_ஜங்ஷன்:
அந்தப் புண்ணியவான் நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாமே, பயமா? என் ரெட் நீ, அதான் முட்டி சிவப்பா இருக்கிற டரான்டுலா, மூணு வருஷமா ஸ்பாஞ்ச்லதான் குடிக்குது. கொழுகொழுன்னு இருக்கு.

சத்துவாச்சாரி_எட்டுக்கால்:
குடிச்சதைப் பார்த்தியா? அது தண்ணி மேல வாயை வெச்சு உறிஞ்சும். உன்னுது ஸ்பாஞ்ச் மேல ஏறி உக்காந்திருக்கும், நீ குடிக்குதுன்னு நெனச்சிருப்ப. நீ இரையா போடுற கரப்பான் உடம்புல இருக்கிற ஈரத்துல வண்டி ஓடுது.

காட்பாடி_ஜங்ஷன்:
மூணு வருஷம் தம்பி. மூணு வருஷம்.

சத்துவாச்சாரி_எட்டுக்கால்:
ரெட் நீ பொட்டை 20 வருஷத்துக்கு மேல வாழும். மூணு வருஷத்துக்கே மாலை போடணுமா உனக்கு?

குடியாத்தம்_புதுசு:
அண்ணா, நடுவுல வர்றேன், மன்னிச்சிடுங்க. என்னுது காலைலேர்ந்து மல்லாக்கப் படுத்துனு கீது. அம்மா தூக்கிப் போடுன்றாங்க. செத்துடுச்சா?

ஆரணி_அக்கா:
தூக்கிப் போட்டுடாத ராஜா! தோல் உரிக்குது. செத்துப்போனா கால் அத்தனையும் வயித்துக்கடியில சுருட்டிக்கும். இப்ப தொடாத, தண்ணி தெளிக்காத. பெட்டிக்குள்ள உயிரோட இரை கிடந்தா மெதுவா எடுத்துடு, உரிக்கிற நேரத்துல அதுவே இதைக் கடிச்சிடும். உரிச்சதும் பல்லு வெள்ளையா இருக்கும். நல்லா கறுத்த பிறகுதான் சாப்பாடு.

காட்பாடி_ஜங்ஷன்:
ஸ்பாஞ்ச் இருந்திருந்தா அந்த ஈரத்துல சுலபமா உரிச்சிருக்கும்.

சத்துவாச்சாரி_எட்டுக்கால்:
வந்துட்டாரு! அந்தப் பையன் பதறிக்கிட்டு இருக்கான், இவருக்கு ஸ்பாஞ்ச்!

அணைக்கட்டு_அப்பு:
இன்னாபா இது, பாலாத்துலயே தண்ணி இல்ல, நீங்க கிண்ணத்துத் தண்ணிக்கு அடிச்சிக்கிறீங்க. தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, அழகு இல்லாத... மீதி உங்களுக்கே தெரியும் 😄

ஆரணி_அக்கா:
மீதியையும் எழுதுங்க அப்பு, பார்க்கலாம். வேலூர்க் கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோயிலுக்குத் திரும்பிட்டாரு. 2021 நவம்பர்ல பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிச்சு. அந்தப் பழமொழியில பாதி எப்பவோ செத்துப்போச்சு. உங்க ஊர்ப் பொண்ணுங்களைக் கேவலமா பேசுற பாதியை மட்டும் பத்திரமா வெச்சிருக்கீங்க.

அணைக்கட்டு_அப்பு:
அக்கா, சும்மா தமாஷுக்கு.

ஆரணி_அக்கா:
போன வாட்டியும் தமாஷுதான் சொன்னீங்க.

சத்துவாச்சாரி_எட்டுக்கால்:
விஷயத்துக்கு வாங்க. வேலூர்ல பூச்சி சாகுறதுக்கு மூழ்கணும்னு அவசியமே இல்ல. மே மாசம் மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம்ல பெட்டியை வெச்சா வெந்தே போயிடும். தரைத்தள ரூம், வெயில் படாத மூலை. அடுத்து கொசு மருந்து. சுருளோ, மெஷினோ, ஸ்ப்ரேயோ, எல்லாமே பூச்சியைக் கொல்றதுக்குன்னு செஞ்சது. டரான்டுலாவுக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. வீட்டுல சுத்துற கரப்பானையும் போடாத, அது எந்த மருந்தைத் தின்னுட்டு வந்துச்சோ. மூணாவது உயரம். பெட்டி உயரமா இருந்து மேலேர்ந்து விழுந்தா வயிறு கிழிஞ்சிடும். அதனால தேங்காய் நார்த்தூளைக் கனமா நிரப்பு. கையில எடுத்து போட்டோ புடிக்கிறவங்களுக்கும் இதேதான். ரெட் நீ பின்னங்காலால வயித்து முடியை உதறும், தோல் அரிச்சுத் தள்ளும், கண்ணுல பட்டா ஆஸ்பத்திரிதான். இவ்வளவையும் விட்டுட்டு ஸ்பாஞ்ச்!

காட்பாடி_ஜங்ஷன்:
நீ பெரிய டாக்டர். போன வருஷம் ஜவ்வாது மலையில மரப்பொந்துலேர்ந்து ஒண்ணைப் புடிச்சுட்டு வந்தது யாரு? நம்ம நாட்டு மரச் சிலந்தி முடி உதறாது, ஆனா கடிச்சா நாள் கணக்குல தசையைப் புடிச்சு இழுக்கும். அந்த இனத்தை 2019லயே சைட்டிஸ் பட்டியல்ல, அதான் காட்டு உயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தப் பட்டியல்ல, சேர்த்தாச்சு.

சத்துவாச்சாரி_எட்டுக்கால்:
அதை அன்னிக்கே அதே மரத்துல விட்டுட்டேன், நீதான் பைக் ஓட்டின! உன் ரெட் நீயும் அதே பட்டியல்லதான் இருக்கு. அரசாங்கத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணிட்டியா?

காட்பாடி_ஜங்ஷன்:
பேச்சை மாத்தாத. ஸ்பாஞ்ச்ல செத்த ஒரே ஒரு சிலந்தியைக் காட்டு.

சத்துவாச்சாரி_எட்டுக்கால்:
கிண்ணத்துல மூழ்கின ஒண்ணை நீ முதல்ல காட்டு.

குடியாத்தம்_புதுசு:
அக்கா, உரிச்சிடுச்சு! பழைய தோல் முழுசா இன்னொரு சிலந்தி மாதிரியே கீது. அம்மா இப்ப ரெண்டையும் தூக்கிப் போடுன்றாங்க.

ஆரணி_அக்கா:
தோலை அம்மா கண்ணுல காட்டாம ஒரு டப்பாவுல போட்டு வை. கிண்ணத்துல தண்ணி ஊத்திட்டு வந்துடு.

காட்பாடி_ஜங்ஷன்:
ஸ்பாஞ்ச் போட்டு ஊத்து.

சத்துவாச்சாரி_எட்டுக்கால்:
போடாத தம்பி. யோவ் காட்பாடி, ஆடி மாசம் வாங்கிட்டுப் போன என் நீள இடுக்கி எங்க?

காட்பாடி_ஜங்ஷன்:
அது என் இடுக்கி. சிவப்புப் புடி போட்டது என்னுது, நீலம்தான் உன்னுது.

சத்துவாச்சாரி_எட்டுக்கால்:
ரெண்டுமே என்னுது!