மை அடைக்காத வெள்ளை

ஓவியர் ஆதிமூலத்தை நேரில் கண்டு பேசியவர்கள் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருடைய கோடுகளோடுதான் பழக்கம்.

எண்பதுகளில் திருமங்கலத்தில் எங்கள் தெரு முடிதிருத்தும் கடைக்கு ஜூனியர் விகடன் வரும். அதில் எழுத்தாளர் கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடர், கூடவே ஆதிமூலத்தின் படங்கள். எங்கள் பக்கத்துச் சம்சாரிகளே, அதாவது விவசாயிகளே, தாளில் வந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கடைக்காரரிடம் பழைய இதழ்களைக் கேட்டு வாங்கி, படங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்தேன்.

பிறகு மதுரை மேலமாசி வீதிப் பக்கம் படங்களை அச்சிடுவதற்கான உலோக அச்சு, அதாவது பிளாக், செய்யும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கோட்டோவியத்தை நெகட்டிவ் எடுத்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் இட வேண்டும். கோடு மேடாக நிற்கும், மற்ற இடம் அரிபட்டுப் பள்ளமாகும். முதல் மாதமே ஒருவருடைய படத்தைக் கெடுத்துவிட்டேன். தகடு கூடுதல் நேரம் அமிலத்தில் கிடந்ததில் மெல்லிய கோடுகளின் அடி கரைந்து, முகத்தில் பாதியைக் காணவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நோட்டை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு கிழவரின் ஒட்டிய கன்னம். வெறும் கண்ணுக்கு ஒரே கறுப்பு. லென்ஸுக்கு அடியிலோ நாலு திசையிலிருந்தும் வந்து வெட்டிக்கொள்ளும் கோடுகள், நடுவே எள்ளளவு எள்ளளவாக வெள்ளை. மை ஊறுகிற தாளிலும் அந்த வெள்ளை அடைபடவில்லை. அச்சு என்ன செய்யும் என்று அறிந்த கை அது. வாரப் பத்திரிகைக்குத்தானே என்று அந்தக் கை தளரவே இல்லை.

ஆதிமூலம் துறையூர் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் உருவமே இல்லாத வண்ண ஓவியங்களுக்குப் போனார். அவற்றின் அருமை தெரியும், ஆனாலும் என் மனம் கோட்டோவியத்தை விட்டு நகரவில்லை. 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி படங்களே அதற்குக் காரணம். 1921 செப்டம்பரில் காந்தி மேலாடையைத் துறந்த மேலமாசி வீதி வீட்டைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போவேன். அந்தப் படங்களைப் புத்தகத்தில் பார்த்த பிறகு, அந்த வாசலில் ஒரு நிமிடமாவது நிற்காமல் போனதில்லை.

2008 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், அவர் காலமான செய்தி வந்தது. நோட்டைத் திறந்தேன். பசை பழுத்து, தாள் பொடியத் தொடங்கியிருந்தது. கோடுகள் மட்டும் அப்படியே கறுப்பாக இருந்தன.

உங்களில் யாரிடமாவது அந்தப் பழைய இதழ்கள் இருந்தால் சொல்லுங்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எங்கே என்றாலும் வந்து, பார்த்துவிட்டுப் போகிறேன்.