நல்லா ஓடுற கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடணுமா?

பலகாரக்கடை, காரைக்குடி:
மணகோலம், சீப்புச்சீடை ஆர்டரெல்லாம் விண்டோஸ் 10-ல்தான். 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப் வேண்டுமாம், இதில் இல்லை. மெஷினோ குத்துக்கல்லாட்டம் இருக்கிறது! மைக்ரோசாஃப்ட் காசு பார்க்கிற வேலைதானே இது? தெரிந்த பையன் க்ராக், அதாவது திருட்டு விண்டோஸ், போட்டுத் தருகிறேன் என்கிறான்.

தேவகோட்டை:
க்ராக் வேண்டவே வேண்டாம் ஆச்சி. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வான். அப்புறம் பேங்க் பாஸ்வேர்டு யார் கைக்குப் போகுமோ. விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் மின்ட் இலவசம். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பது அழியாது.

கானாடுகாத்தான்:
லினக்ஸ் சரி, பில்லிங் மென்பொருள் அதில் ஓடுமா? முதலில் விற்றவரிடம் கேளுங்கள். அதுவரை இஎஸ்யு என்கிற விண்டோஸ் 10 நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

பலகாரக்கடை, காரைக்குடி:
விற்றவர் போனை எடுத்தால்தானே! இஎஸ்யு-வில் சேர்ந்துகொள்கிறேன். பென்டிரைவும் வாங்கிவரச் சொல்லிவிட்டேன்.