சிங்கப்பூர்ப் பூங்காப் பாத்தியில் கறிவேப்பிலை: மூணு கொத்தா, பதினொண்ணா?

மண்வெட்டி:
நேத்து தேக்கா ராணி இங்க எழுதினதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல. “பூங்கா அரசாங்கத்துது. நடந்து போற வழியில ரசத்துக்கு மூணு கொத்து கறிவேப்பிலை ஒடிச்சேன். மறுநாள் பாத்தா ‘திருடாதே’ன்னு ஒரு மகராசன் அட்டை எழுதி மாட்டியிருக்கார்” அப்படின்னு. அந்த மகராசன் நான்தான். பாத்தி என்னோடது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். குலுக்கல்ல பேர் விழுந்து, வருஷத்துக்கு 57 வெள்ளி, அதுக்கு மேல ஜிஎஸ்டியும் கட்டறேன். அப்புறம், மூணு இல்லம்மா. பதினொண்ணு. வெட்டுப்பட்ட முனை ஒவ்வொண்ணா விரல் வச்சு எண்ணியிருக்கேன்.

தேக்கா ராணி:
அண்ணே, மூணுன்னா மூணு. எந்த ஊர்ல கறிவேப்பிலைக்குக் கணக்கு வச்சாங்க? எங்கம்மா கத்தரிக்கா வாங்கினா கேக்காமலே கொசுறா ஒரு கை அள்ளிப் போடுவாங்க. 57 வெள்ளி கட்டினா மனசு இவ்வளவு சின்னதாயிடுமா?

மண்வெட்டி:
கொசுறு கடைக்காரர் குடுக்கறது. கூடைக்குள்ள நாமளே கையை விட்டா அதுக்குப் பேரு வேற. பதினொண்ணு.

ஈசூன் வாத்தியார்:
ரெண்டு பேரும் வேற வேற தோட்டத்தைப் பத்திப் பேசற மாதிரி தெரியுது. தேசியப் பூங்காக் கழகம் 2005ல ஆரம்பிச்ச ‘கம்யூனிட்டி இன் புளூம்’ தோட்டம்னா அக்கம்பக்கத்தார் குழுவாச் சேர்ந்து வளர்க்கறது. 2016ல ஹார்ட்பார்க் பூங்காவுல தொடங்கின வாடகைப் பாத்தி வேற, அது தனித்தனி ஆளுக்கு. ராணி ஒடிச்சது எதுல? அதை முதல்ல சொன்னா...

தேக்கா ராணி:
சார், பாடம் அப்புறம் எடுங்க. மூணு.

பச்சமிளகா:
புழு தின்னிருக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலையில முட்டை வைக்கும். சின்னப் புழு குருவி எச்சம் மாதிரியே ஒட்டிக்கிட்டு இருக்கும், கண்ணுல படாது. எங்க வீட்டு வாசல் தொட்டிச் செடியை நாலே நாள்ல மொட்டை அடிச்சுடுச்சு.

மண்வெட்டி:
புழு தின்னா நடு ஈர்க்கு மிஞ்சும். இங்க ஈர்க்கும் இல்ல, காம்பும் இல்ல. சாய்வா, சுத்தமா ஒரே வெட்டு. புழு கத்தரிக்கோல் எடுத்துக்கிட்டு வந்துச்சா தம்பி?

தேக்கா ராணி:
கத்தரிக்கோலா? நான் கையாலதான் ஒடிச்சேன்! கையால ஒடிச்சா பட்டை நாரா உரியும். அப்ப அந்தச் சாய்வு வெட்டெல்லாம் வேற யாரோ. அப்புறம் இன்னொண்ணு, நுனியை ஒடிச்சா பக்கக் கிளை வெடிச்சுச் செடி புதராகும். நியாயமாப் பாத்தா நீங்க எனக்கு நன்றி சொல்லணும்.

மண்வெட்டி:
பாத்தீங்களா, இப்ப வெட்டு இருந்துச்சுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க! நுனி கிள்ளணும்னு எனக்கும் தெரியும். எப்ப, எந்தக் கணுவுக்கு மேலன்னு நான் முடிவு பண்ணுவேன். இடுப்பு உயரத்துக்கு மேல விடாம ரெண்டு வருஷமாக் கிள்ளிக் கிள்ளி வளர்த்த செடி அது. நீங்க ஒடிச்சது செந்தளிர், இன்னும் மணமே பிடிக்கல, ரசத்துல போட்டா வைக்கோல். வாடகையை விடுங்க, பூங்காவுல எந்தச் செடியா இருந்தாலும் அனுமதி இல்லாமப் பறிக்கறது சட்டப்படித் தப்பு.

செம்பவாங் செல்வி:
சட்டம்னு சொன்னதும் ஞாபகம் வருது. போன தீபாவளிக்கு இதே இடத்துல “தஞ்சாவூர்லேர்ந்து பெட்டியில புடவைக்கு நடுவுல சுத்திக் கொண்டு வந்த கறிவேப்பிலை”ன்னு பெருமை அடிச்சுக்கிட்டது யாருங்க? இந்தியாவிலேர்ந்து கன்னு கொண்டு வரணும்னா நோய் இல்லைங்கற சான்றிதழ் வேணும். எலுமிச்சை, ஆரஞ்சையெல்லாம் மஞ்சளாக்கிக் கொல்ற நோயைப் பரப்பற சில்லிட் பூச்சிக்குக் கறிவேப்பிலைன்னா உயிர்.

மண்வெட்டி:
அது விதை. கன்னுன்னு நான் சொல்லவே இல்ல.

செம்பவாங் செல்வி:
கறிவேப்பிலை விதை காஞ்சாப் போச்சு, முளைக்காது. பழம் பழுத்த கையோட ஊனணும். நீங்க தஞ்சாவூர்லேர்ந்து திருச்சி வந்து, விமானம் ஏறி, ரெண்டு வாரம் கழிச்சு நட்டதா எழுதினீங்க. நல்ல விதைதான்.

மண்வெட்டி:
செல்வி அக்காவுக்குக் குலுக்கல்ல பேர் விழலன்னு மூணு வருஷமாக் காந்தல். அதை இங்க கொட்டாதீங்க. பேச்சு பதினொண்ணைப் பத்தி.

செம்பவாங் செல்வி:
எனக்குக் காந்தலா? செடிக்கு உரமா ஊத்தறீங்களே, அந்த மீன் அமில வாளி நாத்தத்துல அந்தப் பக்கம் மெதுவோட்டம் போறவங்கல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடறாங்க. பக்கத்துல தண்ணி பிடிச்சு வைக்கற தொட்டிக்கு மூடி உண்டா? கொசுப்புழு நெளியறதை நானே பாத்தேன்.

மண்வெட்டி:
மூடி இருக்கு. காத்துல விழுந்திருக்கும், அன்னிக்கு ஒரு நாள். மீன் அமிலத்தைப் பத்தி மட்டும் தெரியாமப் பேசாதீங்க. மத்தி மீன் குடலும் வெல்லமும் சம எடை, காத்துப் புகாம மூடி 21 நாள். பக்குவமா வந்தா பழ வாசனை அடிக்கும். நாறுதுன்னா வெல்லம் குறைச்சல்னு அர்த்தம். நான் குறைக்க மாட்டேன். மீன் எடையில பாதி வெல்லம் மட்டும் போட்டுட்டு நாத்தம்னு சொல்ற ஆளுங்களுக்கு நான் பொறுப்பில்ல. போன மாசம் என் வெண்டைக்காயைச் சும்மா வாங்கிட்டுப் போனவங்க அப்ப மூக்கைப் பொத்தல!

தேக்கா ராணி:
அந்த வெண்டைக்கா முத்தல்.

மண்வெட்டி:
முத்தலா? அதை வாங்கிக்கிட்டு நீங்க அனுப்பின கைகூப்பின படம் இன்னும் என் போன்ல இருக்கு.

ஈசூன் வாத்தியார்:
எந்த வகைத் தோட்டம்னு இன்னும் யாரும் சொல்லல.

மண்வெட்டி:
வாத்தியாரே, 57 வெள்ளின்னு ஆரம்பத்துலயே சொல்லியாச்சு. இன்னிக்குக் காலையில போய் மறுபடி எண்ணினேன். பன்னெண்டு.

தேக்கா ராணி:
நான் வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஜொகூர்ல தங்கச்சி வீட்டுல இருக்கேன்.

மண்வெட்டி:
சரி, பன்னெண்டாவது வேற யாரோ. அந்தப் பதினொண்ணு?

தேக்கா ராணி:
மூணு.

பச்சமிளகா:
அண்ணே, மீன் அமிலத்துக்கு மத்திக்குப் பதிலாச் சாளை போடலாமா?

செம்பவாங் செல்வி:
ரெண்டும் ஒரே மீன்தான் தம்பி.

மண்வெட்டி:
யார் சொன்னது ஒரே மீன்னு?