கனடாவில் மின்னல், அண்டார்க்டிகாவில் விசில்

அண்டார்க்டிகாவில் குளிர்காலம் கழித்தவர்:
ஜூன் மாதம். சூரியனைப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. இயற்கையான ரேடியோ அலைகளை ஒலியாக்கிக் கேட்க உதவும் ரிசீவரை நிலையத்துக்குள் வைத்தால் ஜெனரேட்டரின் உறுமலைத் தவிர வேறொன்றும் கேட்காது. பனியில் ஒரு கிலோமீட்டர் நடந்துபோய்க் கம்பியை விரித்து ஹெட்போனை மாட்டினேன். எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போன்ற படபடப்பு. அதற்கு நடுவே, உச்சத்தில் தொடங்கி அடிக்குரலுக்கு இறங்கும் ஒரு விசில்: ‘வீஈஊஊ’. ரிசீவர் கெட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தேன்.

அண்டார்க்டிகாவில் மின்னல் அநேகமாகக் கிடையாது. வடக்கே எங்கோ வெட்டிய மின்னலின் ரேடியோ அலை, பூமியின் காந்தக் கோட்டைப் பற்றிக்கொண்டு விண்வெளி வழியாக அந்தக் கோட்டின் மறுநுனிக்கு, அதாவது எதிர்முனைக்கு, வந்து சேர்கிறது. உயர்ந்த அதிர்வெண் முந்திக்கொள்ளும், தாழ்ந்தது பின்தங்கும்; குரல் இறங்குவது அதனால்தான். 1953-இல் ஓவன் ஸ்டோரி விளக்கியது இது. ஜூனில் எங்களுக்கு இருட்டு, வடக்கே இடிமழைக் காலம். கேட்கவா வேண்டும்!

ரொபெர்வல் போய்வந்தவர்:
கனடாவின் கிபெக் மாநிலத்து ரொபெர்வலுக்கு நான் போனதே அதன் எதிர்முனைக்காகத்தான். அண்டார்க்டிகாவின் சைப்பிள் நிலையம் அதே காந்தக் கோட்டின் மறுநுனியில் இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ராபர்ட் ஹெலிவெல் குழு அங்கே பனிமேல் 21 கிலோமீட்டர் நீள ஆண்டெனாவை விரித்து, 1973 முதல் 1988 வரை அலைகளை அனுப்பி ரொபெர்வலில் பிடித்தது. வழியிலுள்ள எலக்ட்ரான்கள் சில சமயம் அந்த அலையை ஆயிரம் மடங்கு வலுப்படுத்திவிடும்; போகிற போக்கில் கூலி வாங்காத சுமைதூக்கிகள்!

ரொபெர்வல் ஏரிக்கரையில் மின்கம்பிகளின் இரைச்சல் உயிரை வாங்கியது. நள்ளிரவில் ஒரு ‘டக்’, சில வினாடி கழித்து நீண்ட விசில். மின்னலின் அலை காந்தக் கோட்டின் தெற்கு நுனிக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே போன செலவு தகும்.

ஐஸ்லாந்துக்குப் போனவர்:
விசிலை விட எனக்குப் பிடித்தது விடியற்காலை ரேடியோவில் கேட்கும் ‘கோரஸ்’. பறவைக் கூட்டம் கத்துவதைப் போலவே இருக்கும். அண்டார்க்டிகாவிலுள்ள ஜப்பானின் ஷோவா நிலையமும் ஐஸ்லாந்தும் எதிர்முனை ஜோடி. இரண்டு பக்கமும் ஒன்றே கேட்கும் என்று நம்பித்தான் போனேன். அப்படியில்லை. கோரஸ் காந்த நடுக்கோட்டருகே பிறப்பதால் இரு பக்கமும் பாயும். துருவ ஒளியோடு வரும் ‘ஹிஸ்’ என்ற சீறலோ அந்தந்த வானத்தின் சொந்தச் சரக்கு. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் இருட்டு என்றால் வெயில் பக்கத்து அயனி மண்டலம் (வானின் உயரே மின்னேறிய காற்றடுக்கு) அலையை விழுங்கியும்விடும். இரு பக்கமும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாவதால், ஒப்பிட மார்ச்சும் செப்டம்பருமே நல்ல காலம்.

அண்டார்க்டிகாவில் குளிர்காலம் கழித்தவர்:
செப்டம்பரில் போவோர் நேரத்தைக் கிரீன்விச் கணக்கில் குறித்து வையுங்கள். நான் நிலைய நேரத்தில் எழுதியதோடு சில பக்கங்களில் தேதியையும் விட்டுவிட்டேன். நாற்பது நிமிடப் பதிவு இன்னும் டப்பாவில் கிடக்கிறது, எதோடும் ஒப்பிட முடியாமல்.