சித்தி பெயர் கொடுத்துவிட்டார்

[காலை 6:48] சித்தி: எல்லோருக்கும் வணக்கம். ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்ல நினைத்தேன், தைரியம் வரவில்லை. பனித்தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில், மூத்தோருக்கான போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

[காலை 6:50] தம்பி: சித்தி! உண்மையாகவா?

[காலை 6:57] மாமா: உனக்கு 43 வயதாகிறது. விட்டு 24 வருடம் ஆயிற்று.

[காலை 6:58] சித்தி: ஆமாம் அண்ணா. 19 வயதில் விட்டேன். கணக்கு சரிதான்.

[காலை 7:10] பெரியம்மா: நான் இதற்குச் சம்மதிக்க மாட்டேன். அந்தக் கணுக்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு எத்தனை இரவு உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ அழுது களைத்துத் தூங்கியிருப்பாய். நான் தூங்கவில்லை. ஆடும்போது அந்தப் பனி பளிங்கு, விழும்போது கல். மறந்துவிட்டாயா?

[காலை 7:12] அம்மா: அக்கா, முதலில் அவள் சொல்வதை முழுவதும் கேட்போம்.

[காலை 7:13] பெரியம்மா: கேட்டுக் கேட்டுத்தான் அன்றைக்கும் விட்டோம்.

[காலை 7:31] நான்: பெரியம்மா, கோபப்படாமல் இதைப் படியுங்கள். டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக் என்று ஒரு வீராங்கனை. 2000ஆம் ஆண்டு ஜூனியர் உலகப் போட்டியில் அமெரிக்காவுக்காகத் தனிநபர் பிரிவில் வெள்ளி வென்றவர். அடுத்த ஆண்டே இடுப்புக் காயங்களால் ஆட்டத்தை விட்டுவிட்டார். அப்போது வயது 17. அதன்பின் சருமப் பராமரிப்புத் துறையில் வேலை செய்தார். ஏறத்தாழ 15 ஆண்டு கழித்து, அலுவலகக் கூட்டம் ஒன்றில், தோற்கவே மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒலிம்பிக் தங்கம் வெல்வேன் என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. 2016இல் திரும்பி வந்தார். 2024 மார்ச்சில், மான்ட்ரியாலில், மாக்சிம் டெஷாம்ப்ஸுடன் இணையர் பிரிவில் கனடாவுக்காக உலகப் பட்டம் வென்றார். அப்போது அவருக்கு 40 வயது. இந்த விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற பெண்களிலேயே அதிக வயதானவர் அவர்தான்.

[காலை 7:33] தம்பி: 40 வயதில் உலகப் பட்டமா!

[காலை 7:40] மாமா: மிகப் பெரிய விஷயம்தான். ஆனால் அவர் சிறு வயதிலேயே உலக மேடையில் வெள்ளி வாங்கியவர். முழுநேரமாக அதற்கே தன்னைக் கொடுத்தவர். அவரைக் காட்டி நம் வீட்டுப் பெண்ணை அனுப்பிவைப்பது சரியா?

[காலை 7:44] சித்தி: அண்ணா சொல்வது நியாயம். என்னை அவரோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் அவர் கதையில் எல்லோரும் வயதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அவர் விட்ட ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. விட்டது தனிநபர் பிரிவு, வந்தது இணையர் பிரிவு. இணையர் பிரிவில் துணைவர் உங்களைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடுவார். பனித்தளத்தின் குறுக்கே வீசுவார், பறந்துபோய் ஒற்றைக் காலில், பின்னோக்கி இறங்க வேண்டும். முப்பது வயதுக்கு மேல் இதை அரிச்சுவடியிலிருந்து கற்றிருக்கிறார். பழைய பெண்ணைத் தேடி அவர் வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

[காலை 7:52] அம்மா: உன் போட்டியில் யாரும் யாரையும் வீச மாட்டார்களே?

[காலை 7:53] சித்தி: இல்லை அக்கா, நான் தனியாகத்தான் ஆடுகிறேன். 28 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான போட்டி, வயதுவாரியாகப் பிரிப்பார்கள். திறனுக்கும் நிலைகள் உண்டு, நான் சில்வர் நிலை. ஒரு சுற்றுத் தாவல்கள் மட்டும், அவற்றோடு ஆக்சல் என்ற ஒன்றரைச் சுற்றுத் தாவல். இரட்டைச் சுழற்சித் தாவல் எதுவும் இல்லை.

[காலை 8:05] சித்தப்பா: அண்ணி, நானும் முதலில் பயந்தேன். எட்டு மாதமாக இவள் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், அதனால் எழுதுகிறேன். பரணில் இருந்த பழைய பூட்ஸை எடுத்தபோது தோல் துவண்டிருந்தது; கணுக்காலைத் தாங்கும் விறைப்பு துளியும் இல்லை. அதோடு பனியில் இறங்கியிருந்தால் நீங்கள் பயப்படுவதே நடந்திருக்கும். இவள் இறங்கவில்லை. புதியது வாங்கினாள். புதிய பூட்ஸ் மரக்கட்டை போல இருக்கிறது அண்ணி. அது காலுக்குப் பழகவே பல வாரம் ஆயிற்று. அந்த வாரங்களில் தாவவே இல்லை. முன்னும் பின்னும் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தாள். பிளேடின் அடியில் இரண்டு விளிம்பும் நடுவே ஒரு பள்ளமும் இருக்கின்றன. எந்த விளிம்பில் உடல் சாய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பாள். விழுவதற்கும் தனியாகப் பயிற்சி எடுத்தாள்: கையை ஊன்றாமல், பக்கவாட்டில் சரிந்து விழ.

[காலை 8:09] மாமா: எட்டு மாதமாகவா? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே மாப்பிள்ளை.

[காலை 8:10] சித்தப்பா: அவள் சொல்லும்வரை நான் சொல்லக் கூடாது என்று இருந்தேன் மச்சான். மன்னியுங்கள்.

[காலை 8:22] தம்பி: சித்தி, உடம்புக்குப் பழையது நினைவிருக்கிறதா?

[காலை 8:30] சித்தி: சிலது இருக்கிறது கண்ணா. ஸ்பின்னுக்குள் நுழையும்போது கைகள் தாமாகவே சரியான இடத்துக்கு வந்தன. ஆனால் நின்றதும் அரங்கமே சுற்றியது! சிறு வயதில் தொடர்ந்து சுழன்று பழகியதால் தலைசுற்றல் தெரியாமல் இருந்தது. இத்தனை வருடம் விட்டதில் அந்தப் பழக்கம் போய்விட்டது. மூன்று சுற்று, பிறகு ஐந்து என்று மறுபடியும் பழக்கினேன். மதிப்பெண் முறையும் மாறிவிட்டது. நான் ஆடிய காலத்தில் உச்ச மதிப்பெண் 6.0. 2002 ஒலிம்பிக்கில் நடுவர்களைப் பற்றி எழுந்த பெரிய சர்ச்சைக்குப் பிறகு அந்த முறையைக் கைவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. செய்த தரத்துக்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை கூட்டிக் குறைக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. எங்கே தவறினேன் என்று தாளில் தெரியும்.

[காலை 9:15] மாமா: சரி, இன்னொன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதே. பெரிய பெரிய வீராங்கனைகள் திரும்பி வந்து பின்வரிசையில் முடித்ததையும் பார்த்திருக்கிறோம். கட்டரீனா விட் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 1994இல் திரும்பி வந்தார். என்ன கிடைத்தது? ஏழாம் இடம்.

[காலை 9:38] நான்: மாமா, இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொழில்முறை ஆட்டக்காரர்களும் மறுபடி போட்டிக்கு வரலாம் என்று விதி மாறிய பிறகு, 1988இல் ஆண்கள் தங்கம் வென்ற பிரையன் பொய்டானோ, 1984இல் தங்கம் வென்ற டார்வில், டீன் எனப் பலர் அதே 1994 லில்லேஹம்மர் ஒலிம்பிக்குக்குத் திரும்பினார்கள். டார்வில், டீன் இணைக்கு வெண்கலம் கிடைத்தது. பொய்டானோவுக்கு ஆறாம் இடம். கோர்டியேவா, கிரின்கோவ் இணை இரண்டாம் முறையாகத் தங்கமே வென்றது. ஆனால் இவர்களில் நான் மறுபடி மறுபடி பார்ப்பது கட்டரீனாவின் ஆட்டத்தைத்தான். அவர் முதல் தங்கம் வென்றது 1984இல் சரயேவோவில். பத்து வருடம் கழித்து அந்த நகரம் முற்றுகையில் சிக்கியிருந்தது. அவர் ஆடிய அரங்கம் போரில் சிதைந்துபோயிருந்தது. அந்த நகரத்துக்காகவே, போருக்கு எதிரான ஒரு பாடலுக்கு, சிவப்பு உடையில் ஆடினார். அன்று தங்கம் வென்ற ஒக்ஸானா பயூலுக்கு வயது 16, கட்டரீனாவுக்கு 28. தாவல்களில் எட்டவே முடியாது என்று தெரிந்துதான் வந்தார். ஏழாம் இடம் என்று மட்டும் சொல்லி முடித்தால் அவர் எதற்காக வந்தார் என்பதே விட்டுப்போகிறது.

[காலை 9:41] மாமா: இந்தப் பின்னணி எனக்குத் தெரியாது. வீடியோ இருந்தால் அனுப்பு.

[காலை 9:42] நான்: மாலையில் தேடி அனுப்புகிறேன் மாமா.

[காலை 10:20] பெரியம்மா: நீங்கள் எல்லோரும் உலகத்தைப் பற்றிப் பேசுங்கள். நான் என் தங்கையைக் கேட்கிறேன். சின்னவளே, கால் ஐந்து மாதத்தில் ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். நீ பயிற்சிக்கும் போனாய். பிறகு ஒருநாள் பூட்ஸைக் கட்டிப் பரணில் போட்டாய். கால் வலிக்கிறது என்றாய். இத்தனை வருடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எந்தக் காலை நம்பிப் போகிறாய்?

[காலை 10:58] சித்தி: அக்கா, இதற்குப் பதில் எழுத இவ்வளவு நேரம் ஆனது.

கால் வலிக்கவில்லை. அது பொய்.

மற்றத் தாவல்களில் எல்லாம் பின்னோக்கிப் போய் எழும்புவோம். ஆக்சல் மட்டும்தான் முன்னோக்கிப் பார்த்தபடி எழும்புவது. ஒற்றை ஆக்சலுக்கே ஒன்றரைச் சுற்று, இறங்குவது பின்னோக்கி. எங்கே பாய்கிறோம் என்பது கண்ணெதிரே தெரியும். நான் கணுக்காலை உடைத்துக்கொண்டது ஆக்சலில். ஆறிய பிறகு போன முதல் போட்டியில், எழும்பினேன், காற்றில் கைகளை விரித்துவிட்டேன், சுற்று முடியவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே. அடுத்த போட்டியில் தாவவே இல்லை, அந்த இடத்தை வெறுமனே கடந்துபோனேன். இசை ஓடிக்கொண்டிருந்தது. அரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டில் கால் என்று சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்.

[காலை 10:59] அம்மா: அடி பெண்ணே. ஏன் சொல்லவில்லை?

[காலை 11:02] சித்தி: பயந்துவிட்டேன் என்று சொல்ல 19 வயதில் வாய் வரவில்லை.

[காலை 11:06] சித்தி: மிடோரி இத்தோவை நினைவிருக்கிறதா அக்கா? சுவரில் படம் ஒட்டியிருந்தேனே. போட்டியில் ட்ரிபிள் ஆக்சல், அதாவது மூன்றரைச் சுற்று, செய்த முதல் பெண், 1988இல். நாற்பதைக் கடந்த பிறகு ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில் நடக்கும் மூத்தோர் போட்டியில் அவர் ஆடியதைப் பார்த்தேன். டியானா ஜூனியர் வெள்ளி வென்றதும் அதே ஊரில்தான். உலகச் சாம்பியனாக இருந்தவர், அலுவலகம் போகும் சாதாரண ஆட்களோடு ஒரே பனித்தளத்தில் சிரித்துக்கொண்டு ஆடுகிறார். அவர் முகத்தைப் பார்த்த அன்றுதான் பரணில் ஏறினேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆக்சல். நடுவர்கள் முன்னால், இசைக்குள், கைகளை விரிக்காமல். விழுந்தாலும் சுற்றை முடித்துவிட்டு விழ வேண்டும்.

[காலை 11:30] மாமா: நான் காலையில் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் அம்மா. இடம், பதக்கம் பற்றியெல்லாம் பேசியிருக்கக் கூடாது.

[காலை 11:34] தம்பி: பயிற்சியில் ஆக்சல் வந்துவிட்டதா சித்தி?

[காலை 11:36] சித்தி: பத்தில் நான்கு வருகிறது. போன மாதம் ஒன்றுதான் வந்தது.

[பகல் 12:15] அம்மா: அக்கா, எங்கே போனாய்? ஏதாவது சொல்.

[பகல் 1:40] பெரியம்மா: சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். 24 வருடமாக அந்தக் காலின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். ஒழுங்காக ஒத்தடம் கொடுத்திருந்தால், இன்னும் ஒரு மருத்துவரிடம் காட்டியிருந்தால் நீ ஆடிக்கொண்டிருப்பாய் என்று நினைக்காத நாள் குறைவு. என்மேல் குற்றம் என்றே வைத்திருந்தேன்.

[பகல் 1:41] சித்தி: அக்கா, இல்லை. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. மன்னித்துவிடு.

[பகல் 1:55] பெரியம்மா: பயம் எனக்குப் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி எத்தனை மணிக்கு?

[பகல் 1:56] சித்தி: காலை ஐந்தரை. கூட்டம் வருவதற்கு முன்னால்தான் தளம் கிடைக்கும். ஏன்?

[பகல் 1:58] பெரியம்மா: நாளைக்கு நான் வருகிறேன். அந்த ஆறு தடவை விழுவதையும் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

[பகல் 1:59] சித்தப்பா: அண்ணி, ஐந்து மணிக்கு வாசலில் வண்டியோடு நிற்கிறேன்.

[பகல் 2:03] சித்தி: கம்பளிச் சட்டை இரண்டு போட்டுக்கொள் அக்கா. தடுப்புச் சுவரை ஒட்டிய இருக்கை மிகவும் குளிரும், ஆனால் அங்கேதான் உட்கார வேண்டும். ஆக்சலுக்கு நான் அந்தப் பக்கம் பார்த்துத்தான் எழும்புவேன்.