அப்டேட்: அந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை நேர்ல பாத்தாச்சு
பழைய டீசல் ஜீப் ஒண்ணு வாங்கலாமான்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, நேத்து போய் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே இன்ஜினை சூடு பண்ணி வைக்காதீங்கன்னு விக்கிறவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், பானெட் ஜில்லுனு இருந்துச்சு, ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு, ஆயில் மூடியை திறந்தும் பாத்தேன் புகை தள்ளல, ஃபோர் லோவும் (நாலு சக்கரத்துக்கும் மெதுவா அதிக இழுவை தர்ற கியர்) சத்தமில்லாம விழுந்துச்சு, சரி எடுத்துடலாம்னே நினைச்சுட்டேன்.

அப்புறம் கீழ படுத்து பாத்தா சேஸிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) பூரா புது கருப்பு பெயிண்ட். பின் ஸ்பிரிங் மாட்டுற இடத்துல ஸ்க்ரூடிரைவரால தட்டினேன், டங்குன்னு கேக்க வேண்டிய இடத்துல முனை பொத்துனு உள்ள இறங்கிருச்சு! முன் டிஃபரன்ஷியல் (முன் சக்கரங்களுக்கு சக்தியை பிரிச்சு தர்ற கியர் பெட்டி) பிளக்கை கழட்டி விரலை விட்டா ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கு, தண்ணி உள்ள போயிருக்கு. டிஃபரன்ஷியலைக்கூட பிரிச்சு சரி பண்ணிக்கலாம், சேஸிஸ் துருப்பிடிச்சா நான் தொட மாட்டேன். வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். தட்டி பாக்க சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி.